ஆம்புலன்ஸ் குழு கதவைத் தட்டும் வரை: அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வளாகத்தில் தீயணைப்பான்கள் இருக்கின்றன. லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் இதயம் நின்று விழுந்தால் யார் ஓடுவது, யார் கேட்டைத் திறப்பது என்பதற்குப் பெரும்பாலான சங்கங்களில் ஏற்பாடு எதுவும் இல்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு வீடுகளில்தான் நடக்கின்றன என்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. ஹாலில், படுக்கையில், குளியலறையில்.

நாங்கள் கேட்பது இதுதான்: ஆம்புலன்ஸ் குழு அந்த வீட்டுக்குள் காலடி வைக்கும் வரையிலான நேரத்தை உங்கள் சங்கத்தின் வேலையாக ஏற்றுக்கொள்ளுங்கள். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவி வாங்குவது பிறகு. முதலில் ஆட்களும் வழியும் தயாராகட்டும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். விழுந்ததைக் கவனிக்க ஒரு நிமிடம். பதறிப்போய், வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து, பிறகு 108-ஐ அழைக்க இரண்டு நிமிடம். வண்டி எட்டே நிமிடத்தில் கேட்டுக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கேட் திறந்து, எந்த பிளாக் என்று தேடி, லிஃப்டுக்குக் காத்திருந்து, ஒன்பதாம் மாடிக் கதவைத் தட்ட இன்னும் மூன்று நான்கு நிமிடம். மொத்தம் பதினான்கு, பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. இதயம் நின்றபின் யாரும் சிபிஆர் முறையில் நெஞ்சைக் கையால் அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும், மின்னதிர்ச்சியால் மீட்கக்கூடிய நிலையில் இருப்பவர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். ஒருவர் ஒழுங்காக அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவின் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. அழுத்துவது மட்டுமே நின்ற இதயத்தை மறுபடி ஓட வைப்பது அரிது. அது செய்வது, மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தை அனுப்பி, மின்னதிர்ச்சியும் மருந்தும் வந்து சேரும் வரை நேரம் வாங்கித் தருவது.

மாடியின் உயரமும் உயிரைத் தீர்மானிக்கிறது. கனடாவின் டொராண்டோ பகுதியில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாடிக்குக் கீழே இதயம் நின்றவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் அது 2.6. பதினாறாம் மாடிக்கு மேல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 25-ஆம் மாடிக்கு மேல் ஒருவர்கூட இல்லை. தேர்ந்த ஆம்புலன்ஸ் சேவை உள்ள ஊர் அது. வண்டி வாசலுக்கு வந்த பிறகு லிஃப்டிலும் கேட்டிலும் கழிந்த நிமிடங்களின் விலைக்கு அந்த எண்களில் பெரிய பங்கு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்து நிற்கும் கட்டடங்களுக்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை தேவையில்லை.

முதலில் அடையாளம் காண்பது. பெரும்பாலான நேரம் வீணாவது இங்கேதான். மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் பேசுவார். அவருக்கு வேண்டியது அசையாமல் உட்கார வைப்பதும் 108-ம், வண்டி வரும் வரை பக்கத்திலேயே ஓர் ஆளும். வாயுத் தொல்லை என்று ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாது, தானே கார் ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. இதயம் நின்றவர் பேசமாட்டார். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட்டால் அசைவு இருக்காது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம். நாடி தேட வேண்டாம். பழகாத விரலுக்கு இல்லாத நாடி இருப்பதுபோலத் தோன்றும், இருக்கும் நாடி தட்டுப்படாது.

இரண்டு விஷயங்கள் எல்லோரையும் ஏமாற்றும். ஒன்று, இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வரும் இழுப்பு மூச்சு. வாயைத் திறந்து, குறட்டைபோல ஒரு சத்தத்தோடு, பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு முறை வரும். "மூச்சு இருக்கு, நல்லாத் தூங்குறார்" என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். அது மூச்சல்ல. இன்னொன்று, விழுந்தவுடன் சில நொடிகள் கை கால் வெட்டி இழுப்பது. மூளைக்கு ரத்தம் நின்றதால் வரும் இழுப்பு அது. நம் ஊரில் உடனே வலிப்பு என்று முடிவு செய்து சாவியைத் தேடிக் கையில் திணிப்பார்கள். வலிப்புக்கே அது பயன்படாது. இங்கே இரண்டு நிமிடம் போய்விடும். நினைவில்லை, வழக்கம்போல மூச்சு விடவில்லை. இந்த இரண்டும் போதும், அழுத்தத் தொடங்கலாம். இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறுதலாக அழுத்திவிட்டால் அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார். பெரிய சேதம் நேர்வது அரிது. இதயம் நின்ற ஒருவரை அழுத்தாமல் விட்டால் அவர் இறந்துவிடுவார்.

வாயில் தண்ணீர் ஊற்றுவது, முகத்தில் தெளிப்பது, உள்ளங்காலைத் தேய்ப்பது, நாக்கின் அடியில் மாத்திரை வைப்பது எல்லாம் இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை. தண்ணீரும் மாத்திரையும் மூச்சுக்குழாயில் போகும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறக்கி, காரின் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுவது. அன்பினால் செய்வதுதான். தூக்கி இறக்கி, கார் எடுத்து, சிக்னல் தாண்டிப் போகும் அத்தனை நிமிடமும் மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் போவதில்லை. ஓடும் காரில், மெத்தைச் சீட்டில், சாய்ந்து கிடப்பவரின் நெஞ்சை யாராலும் முறையாக அழுத்த முடியாது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முதல் முறையாக அழுத்தத் தொடங்குவார்கள். விழுந்த வீட்டுத் தரையிலேயே அழுத்திக்கொண்டு வண்டிக்குக் காத்திருங்கள் என்பதை உங்கள் குடியிருப்பாளர் ஒவ்வொருவர் மனத்திலும் பதிய வைத்தால் பாதி வேலை முடிந்தது.

தரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெத்தையில் அழுத்தினால் அழுத்தத்தில் ஒரு பங்கு மெத்தைக்குப் போகும். போர்வையோடு சேர்த்துப் பிடித்து, தலையைத் தாங்கிக் கீழே இறக்குங்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் முழங்கால் போட இடமில்லையென்றால் அதே போர்வையால் ஹாலுக்கு இழுங்கள். குளியலறையில் விழுந்தவரையும் அப்படியே; அந்தக் குறுகிய இடத்தில் இரண்டு பேர் மாறி மாறி அழுத்தவே முடியாது, ஈரத்தில் மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டும் பட்டையும் நிற்காது. ஹீட்டர் ஷாக் அடித்திருக்கலாம் என்று தோன்றினால் தொடுவதற்கு முன் வீட்டு மெயினை அணைக்க வேண்டும்.

குளியலறைக் கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம். உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் போட்டு, உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், உடைக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் வீடுகளில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டைப் போடச் சொல்லுங்கள். சங்கத்தின் தச்சரை வைத்து மொத்தமாகச் செய்தால் செலவு குறையும். தனியாக இருக்கும் முதியவர்கள் கிரில் கேட்டுக்குப் பூட்டும் மரக்கதவுக்கு மேல்தாழும் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். திருட்டுப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு மாற்றுச் சாவி எதிர் வீட்டிலோ முத்திரையிட்ட உறையில் செக்யூரிட்டி அறையிலோ இருக்க வேண்டும், மேல்தாழுக்குப் பதில் வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டு இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் வீட்டில் ஒருவர் விழுந்தால், மற்றவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாசல் கதவை விரியத் திறந்து வைத்த பிறகே முழங்காலிட வேண்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருப்பவருக்கு யாரும் உதவ முடியாது.

அழுத்தும் முறை கற்பதற்கு அரை மணி நேரம் போதும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன்மேல் மறு கையை வைக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராகக் கைக்கு மேலே இருந்தால் உடம்பின் எடையே வேலை செய்யும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. போனில் சீரான தாளம் ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியை 110-ல் வைத்துப் பழகலாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். மேலே வரும்போதுதான் இதயம் ரத்தத்தால் நிரம்புகிறது. களைத்தவர்கள் நெஞ்சின்மேல் சாய்ந்தபடியே அழுத்துவார்கள், அந்த அழுத்தத்தில் பயன் குறைவு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது கட்டாயம். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்று சொல்பவரின் ஆழம், அவருக்கே தெரியாமல் அதற்குள் குறைந்திருக்கும். மாறும் இடைவெளி ஐந்து நொடிக்குள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடர வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லாமல் விட்டால், அந்தச் சத்தம் கேட்ட நொடியில் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்குத் திடீரென்று இதயம் நின்றால் அழுத்தம் மட்டுமே போதுமான தொடக்கம். இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அழுத்தம் மட்டும் உள்ளதுதான். குழந்தைகளுக்கும், நீச்சல் குளத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ மூழ்கியவருக்கும், தூக்கில் தொங்கியவருக்கும் மூச்சுக் கொடுப்பதும் வேண்டும்; அவர்களுக்குக் குறைந்து போனது முதலில் ஆக்சிஜன். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. வளாகத்தில் நீச்சல் குளம் இருந்தால் குறைந்தது நான்கைந்து பேராவது இதையும் கற்றிருக்க வேண்டும்.

விழுந்தவர் பெண் என்றால் அழுத்தப் பலர் தயங்குகிறார்கள். பிற நாட்டு ஆய்வுகளிலும் பொது இடத்தில் விழுந்த ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைத்தது. நம்மிடம் அந்தத் தயக்கம் இன்னும் கனமானது. பயிற்சியில் வெளிப்படையாகப் பேசி உடைக்க வேண்டிய விஷயம் இது. புடவையோ நைட்டியோ இருக்கும்போதே அழுத்தலாம். கருவியின் பட்டையை ஒட்டும்போது மட்டும் நெஞ்சு வெறுமையாக இருக்க வேண்டும், அப்போது இருவர் ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்தால் போதும். ஒவ்வொரு பிளாக்கிலும் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். பகல் நேரத்தில் கட்டடத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

யாரைப் பயிற்றுவிப்பது என்பதில் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, ஆர்வமுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது. அவர்கள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் போய்விடுவார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், டிரைவர்கள், தோட்டக்காரர், லிஃப்ட் பராமரிப்பாளர், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் எல்லோரும் வேண்டும். பல வீடுகளில் காலை பத்து மணிக்குப் பாட்டியோடு இருக்கும் ஒரே ஆள் வேலைக்கு வரும் அம்மாதான். அவருக்குப் போன் எண்கள் தெரியுமா, வீட்டு முகவரி சொல்லத் தெரியுமா? அறுபது வீடுகள் உள்ள பிளாக்குக்குப் பத்துப் பன்னிரண்டு பேராவது தேர்ந்தால்தான் எந்த நேரத்திலும் மூன்று பேர் கிடைப்பார்கள். அழுத்தினால் கிளிக் சத்தம் வரும் பொம்மையில், ஒவ்வொருவரும் முழு இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். காணொளி பார்த்தால் போதாது. சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம் மறுபயிற்சி தேவை.

செக்யூரிட்டி ஊழியர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருக்கும் ஒரே ஆள் அவர். பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், சில மாதங்களில் ஏஜென்சி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். எனவே அவருக்குப் புரியும் மொழியில், புதிதாக வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே பயிற்சி. ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கக் கூடாது, ஆப்பில் அனுமதி கேட்டு நிறுத்தக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அவர்மேல் பழி போட்டுப் பயனில்லை. நாம் கொடுத்த விதியைத்தான் அவர் பின்பற்றுகிறார்.

ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவதை நம்பாதீர்கள். இருநூறு பேர் உள்ள குழுவை இரவில் எல்லோரும் சத்தமில்லாமல் வைத்திருக்கிறார்கள். பகலிலும் காலை வணக்கங்களுக்கு நடுவில் அந்தச் செய்தி காணாமல் போகும். இன்டர்காமில் செக்யூரிட்டி அறைக்கு ஒரே அழைப்பு; அங்கிருந்து அந்த பிளாக்கின் பட்டியலில் உள்ளவர்களுக்கு வரிசையாகப் போன். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் செக்யூரிட்டி அறையின் எண்ணை, போன் மௌனமாக இருந்தாலும் ஒலிக்கும்படி தங்கள் கைபேசியில் அமைத்து வைக்க வேண்டும். கூட்டத்திலேயே ஒவ்வொருவர் போனையும் வாங்கி அமைத்துக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் போய்ச் செய்கிறேன் என்பவர்கள் செய்வதில்லை. அக்கம்பக்கத்தாரை இப்படி அழைப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு சுவீடனின் ஸ்டாக்ஹோமில் செய்த சோதனை விடை தந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்களைப் போன் வழியாக அழைத்தபோது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அழுத்தம் கிடைத்தவர்கள் 62 விழுக்காடு, அழைக்காதபோது 48. 2015-ல் வெளியான முடிவு இது. அதே ஆண்டு சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை, அருகில் இருப்பவர்களுக்குத் தகவல் அனுப்பும் செயலியைத் தொடங்கியது. அங்கே அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் முகப்பில் மின்னதிர்ச்சிக் கருவிகள் தொங்குகின்றன. நம் ஊரில் அப்படி ஒரு செயலி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே வளாகத்துக்குள் ஒரு இன்டர்காமும் பன்னிரண்டு பேரின் பட்டியலும் அந்த வேலையைச் செய்யும்.

வந்தவர்கள் எல்லோரும் படுத்திருப்பவரைச் சுற்றி நிற்பது வழக்கம். வேலையை முன்பே பிரித்து வையுங்கள். முதலில் வந்தவர் அழுத்துகிறார். இரண்டாமவர் 108-உடன் ஸ்பீக்கரில் பேசுகிறார், அடுத்த முறை அழுத்துவதற்குத் தயாராகப் பக்கத்தில் முழங்காலிடுகிறார். மூன்றாமவர் கருவியைக் கொண்டு வருகிறார். நான்காமவர் லிஃப்டைத் தரைத்தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐந்தாமவர் சாலையில் நின்று கையசைத்து வண்டியை உள்ளே அழைக்கிறார். இன்னொருவர் குழந்தைகளையும் அழும் பெரியவர்களையும் அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மருந்துச் சீட்டுகளையும் பழைய இசிஜி-யையும் எடுத்து வைக்கிறார்.

108-இடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நினைவு இல்லை, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்." "மயங்கி விழுந்துட்டார்" என்று மட்டும் சொன்னால் அவசரத்தின் அளவு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். முகவரியில்தான் அடுத்த சிக்கல். சென்னையின் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன. வளாகத்துக்கு இரண்டு கேட் இருந்து, ஒன்று இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். வரைபடம் வண்டியைப் பூட்டிய கேட்டுக்குத்தான் கொண்டுபோகும். ஒவ்வொரு வீட்டின் கதவுக்குப் பின்னாலும் ஒரு அட்டை ஒட்டுங்கள்: முழு முகவரி, இரண்டு எண்களும், அருகில் உள்ள கோயிலோ பள்ளியோ, இரவில் எந்த கேட் திறந்திருக்கும், பிளாக், மாடி, வீட்டு எண், செக்யூரிட்டி அறையின் எண். பதற்றத்தில் தன் வீட்டு எண்ணே மறந்துவிடும், அட்டை இருந்தால் பார்த்துப் படிக்கலாம். பிளாக்கின் பெயர் இரவிலும் தெரியும்படி விளக்கோடு இருக்கட்டும். வண்டி திரும்பும் இடத்தில் கார் நிறுத்துவதைத் தடுக்க மஞ்சள் கோடு போதாது, கம்பம் நடுங்கள்.

எட்டுப் பேர் ஏறும் லிஃப்டின் உள்ளளவு ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் படுத்த நிலையில் அதில் போகாது. சர்வீஸ் லிஃப்ட் ஒன்று பெரிதாக இருந்தால் அதையே ஆம்புலன்ஸ் லிஃப்டாகக் குறித்து, அடுக்கிய பொருட்களை அகற்றி வையுங்கள். அது இல்லாத கட்டடங்களில் கைப்பிடிகள் தைத்த ஒரு துணித் தூளியைச் சங்கமே வாங்கி வைக்கலாம். படிக்கட்டில் ஆறு பேர் தூக்க உதவும். வண்டியில் வருபவர்கள் இரண்டு பேர்தான், உங்கள் கைகள் அவர்களுக்குத் தேவை. எப்போது நகர்த்துவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இப்போது கருவி. ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியின் விலை ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. வசதியுள்ள குடியிருப்பாளர்கள் சிலர், வீட்டுக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்பார்கள். அது பெரிதாக உதவாது. ஏற்கனவே மாரடைப்பு வந்த 7001 பேரை வைத்து நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், வீட்டில் கருவி வைத்திருந்தவர்களின் இறப்பு, வைத்திராதவர்களைவிடக் குறையவில்லை. விழும்போது பார்க்க ஆள் இல்லாத வீட்டில் கருவி சுவரில் சும்மா தொங்கும். அந்தப் பணத்தைப் பொதுவில் போட்டு, தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், பூட்டில்லாத பெட்டியில் ஒன்று வையுங்கள். கிளப் ஹவுஸிலோ ஜிம்மிலோ சங்க அலுவலகத்திலோ வைத்தால், செயலாளர் ஊரில் இல்லாத நாளில் சாவி கிடைக்காது. திருட்டுக்கு அஞ்சினால் திறந்தவுடன் ஒலிக்கும் அலாரம் போதும். எத்தனை வேண்டும் என்பதைக் கைக்கடிகாரம் சொல்லட்டும்: மேல்மாடியிலிருந்து ஒருவர் கீழே வந்து எடுத்துக்கொண்டு திரும்ப நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொன்று தேவை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை: எந்த மொழியில் பேசும், மாற்றுப் பட்டைகளின் விலை என்ன, எத்தனை நாளில் கிடைக்கும், பேட்டரி எத்தனை ஆண்டு நிற்கும். பட்டைகளின் பசை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் காலாவதியாகும், பேட்டரி பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு. பெரும்பாலான கருவிகளுக்கு 50 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வெப்பம். வெயில் படும் சுவரிலும் மொட்டை மாடி அறையிலும் வைக்க வேண்டாம். பச்சை விளக்கு எரிகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக் கையெழுத்திடும் ஒரு ஆளின் பெயர் பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். பெட்டிக்குள் ஒரு ரேஸர், ஒரு துண்டு, துணி வெட்டும் கத்தரிக்கோல், கையுறைகள். வியர்வை, பவுடர், சந்தனம், விபூதி இருந்தால் துடைத்த பிறகே பட்டை ஒட்டும். அடர்ந்த முடி இருந்தால் மழிக்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ஒதுக்கிவிட்டால் போதும். இதயத்துடிப்பைச் சீராக்கத் தோலுக்கடியில் பதித்த பேஸ்மேக்கரின் புடைப்பு தெரிந்தால் அதன்மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு பட்டை வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் அழுத்தம் நிற்கக் கூடாது. கருவி "தொடாதீர்கள்" என்று சொல்லும்போது மட்டும் கையை எடுத்து, அதிர்ச்சி கொடுத்த அடுத்த நொடியே மறுபடி அழுத்த வேண்டும்.

"அதிர்ச்சி தேவையில்லை" என்று கருவி சொன்னால் பலர் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: இறந்துவிட்டார் என்று, அல்லது சரியாகிவிட்டார் என்று. இரண்டும் இல்லை. இப்போதைய துடிப்பு அதிர்ச்சியால் சரியாகாத வகை, அவ்வளவுதான். வீடுகளில் இது அடிக்கடி நேரும். அழுத்தத்தைத் தொடர்ந்தால் இரண்டு நிமிடத்தில் கருவி மறுபடி பார்க்கும்.

சட்டத்தைப் பற்றிக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காகச் செய்யும் செயலை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுபவரைப் பாதுகாக்கிறது, ஆனால் அது சாலை விபத்துகளுக்கு உரியது. வீட்டு நிகழ்வுகளுக்கும் அதே தெளிவோடு ஒரு சட்டம் வேண்டும் என்று அரசுக்கு உங்கள் கூட்டமைப்புகள் எழுதலாம்.

எல்லோரையும் அழுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உடல் விறைத்துப்போயிருந்தால் காலம் கடந்துவிட்டது. தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், வீட்டிலேயே அமைதியாகப் போக விரும்புபவர்கள் இருக்கிறார்கள். உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி செய்து, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். அப்படிப்பட்ட வீட்டார் பிளாக் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லி வைத்தால், அந்த வீட்டுக்குள் யாரும் ஓடிப் போய் அவர் விரும்பாததைச் செய்யமாட்டார்கள்.

ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்துங்கள், ஒன்று இரவு பத்து மணிக்குப் பிறகு. மேல்மாடி வீடு ஒன்றில் பொம்மையைக் கிடத்திவிட்டு மூன்று நேரங்களைக் குறியுங்கள்: அழைப்புக்குப் பின் இரண்டாவது ஆள் உள்ளே வந்தது, கருவி வந்தது, கேட்டிலிருந்து ஆம்புலன்ஸ் குழுவாக நடிப்பவர்கள் வந்து சேர்ந்தது. முதல் ஒத்திகை மோசமாகத்தான் இருக்கும். லிஃப்ட் எங்கே நின்றது, எந்தச் சாவி கிடைக்கவில்லை, யாருடைய போன் ஒலிக்கவில்லை என்று எழுதி, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் போடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் பிழைக்கமாட்டார்கள். உலகெங்கும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒருவர் அளவே உயிரோடு வீடு திரும்புகிறார். இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அழுத்தியும் போய்விட்டார் என்றால், அழுத்தியவருக்கு அந்த வாரம் தூக்கம் வராது. சங்கத்தின் சார்பில் இருவர் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். செக்யூரிட்டி ஊழியரானாலும் வேலைக்கு வரும் அம்மாவானாலும் அதே மரியாதை.

அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்தில் முடிக்க வேண்டியவை: பிளாக்குக்கு ஒரு பொறுப்பாளர், பயிற்சிக்கு ஒரு தேதி, கதவு அட்டைக்கு அச்சுச் செலவு, செக்யூரிட்டி ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகள். கருவிக்கான பணத்தை அதற்கடுத்த கூட்டத்தில் பேசலாம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சையிலும் முதலுதவிப் பயிற்சியிலும் பணியாற்றுவோர் சிலர்